மீனுக்கு ஒரு கிரீம் சாஸ்: திரியாமல் வருவது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்களைப் படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம பேசப் போறது ஒரே ஒரு சாஸ் பத்தி. நல்லா மொறுமொறுன்னு வறுத்த ஒரு மீன் துண்டு, அதுக்கு அடியில வெள்ளையா, லேசான புளிப்போட, ஸ்பூன்ல ஒட்டுற பதத்துல ஒரு கிரீம் சாஸ். வீட்டுல செய்ய அரை மணி நேரம் போதும். சாமான்களும் கைவிரல்ல எண்ணிடலாம்.

ஆனா நம்மில் நிறைய பேர் இதை வீட்டுல செய்யறதில்லை. ரெண்டு காரணம். ஒண்ணு, "மீனும் பாலும் சேரவே கூடாது" என்று சின்ன வயசுல இருந்து கேட்டது. இன்னொண்ணு, செஞ்சா சாஸ் திரிஞ்சு போயிடும் என்கிற பயம். ரெண்டையும் வரிசையா எடுப்போம்.

முதல்ல அந்தக் கேள்வி: மீனும் பாலும்

மீன் குழம்பு சாப்பிட்ட அன்னைக்கு ராத்திரி பால் கேட்டா, "உடம்புல வெள்ளை வெள்ளையா வரும், சும்மா இரு" என்று பாட்டி சொல்லியிருப்பாங்க. இது நேத்து வந்த நம்பிக்கை கிடையாது. சரக சம்ஹிதையிலேயே மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாதவைகள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஒன்று சூடு, இன்னொன்று குளிர்ச்சி. ரெண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்பது அந்தக் கணக்கு.

இன்றைய மருத்துவம் சொல்வது வேற. தோலில் வரும் வெண்புள்ளிகளுக்குக் காரணம், நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தியே நிறமி தயாரிக்கும் செல்களைத் தாக்கி அழிப்பது. மெலனோசைட் என்று அந்த செல்லுக்குப் பேர். அது இல்லாத இடத்துல தோலுக்கு நிறம் கிடைக்காது. மீனையும் பாலையும் சேர்த்துச் சாப்பிட்டதால் இது வரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இது தொற்றும் கிடையாது.

ஸ்காட்லாந்துல புகையிட்ட ஹேடக் மீனை உருளைக்கிழங்கோட பாலில் வேகவைத்து கல்லன் ஸ்கின்க் என்று ஒரு சூப் வைப்பாங்க. ஃபின்லாந்துல சால்மன் சூப்பில் பெரும்பாலும் பாலோ கிரீமோ சேர்ப்பாங்க. வங்காளத்துல தயிரில் வேகவைக்கும் தோய் மாச் கல்யாணப் பந்தி வரைக்கும் போகும். பாலும் மீனும் சேர்ந்தா வெண்புள்ளி வரும் என்றால் இந்த ஊர்களில் அது தனியாகத் தெரிந்திருக்க வேண்டாமா?

நான் இதை இவ்வளவு நேரம் பேசுறதுக்கு சாஸ் மட்டும் காரணம் இல்லை. இந்த நம்பிக்கைக்கு ஒரு வால் உண்டு. வெண்புள்ளி இருக்கிற ஒருத்தரைப் பார்த்து, "சின்ன வயசுல மீன் சாப்பிட்டுட்டுப் பால் குடிச்சியா?" என்று கேட்பாங்க. இல்லைன்னா, "உங்கம்மா மாசமா இருக்கும்போது சாப்பிட்டிருப்பாங்க" என்பாங்க. யாரும் செய்யாத தப்புக்கு ஒரு பொண்ணும் அவங்கம்மாவும் வருஷக்கணக்கா பதில் சொல்லிட்டு இருக்காங்க. கல்யாணம் தட்டிப்போகிறது. அதுக்கு "வெண்குஷ்டம்" என்கிற பேரே தப்பு; குஷ்டத்துக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. வெண்புள்ளிகள் என்று சொல்லுங்க, போதும்.

பாட்டியோட வாக்குவாதம் பண்ணச் சொல்லலை. அவங்க தட்டில் கிரீம் வைக்காதீங்க, அவ்வளவுதான். பால் ஒத்துக்காதவங்க, மீன் அலர்ஜி இருக்கிறவங்க மட்டும் நிஜமாவே தள்ளியே இருக்கணும்.

ருவான் ஊர் சாஸ்

கிரீம் சாஸ் என்றால் நூறு வகை இருக்கு. நான் எடுத்துக்கிறது பிரான்ஸ்ல ருவான் என்கிற ஊரில் பிறந்த ஒன்று. லோவார் ஆத்தங்கரை ஊர். அங்கே ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த த்ருவாக்ரோ குடும்பத்தின் உணவகத்தில், ழான், பியர் என்கிற அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1960-களில் ஒரு தட்டை உருவாக்கினாங்க. மெல்லிசா வெட்டின சால்மன், கிரீம் சாஸ், அதில் சோரல் என்கிற புளிப்புக் கீரை. சோரல் நம்ம சுக்கான் கீரைக்கு நெருங்கிய சொந்தம். 1968-ல் அந்த உணவகத்துக்கு மூன்றாவது மிச்செலின் நட்சத்திரம் கிடைச்சது. பிற்பாடு அந்த ரயில் நிலையத்துக்கே சால்மன் நிறமும் கீரைப் பச்சையும் பூசினாங்க.

ஏன் அவ்வளவு பேசப்பட்டது? அதுவரைக்கும் பிரெஞ்சு சமையலில் மீனுக்கான வெள்ளை சாஸ் பெரும்பாலும் மாவில் நின்றது. வெண்ணெயில் மைதாவை வதக்கி, மீன் எலும்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றி, கெட்டியாக்கி, அப்புறம் கிரீம். த்ருவாக்ரோ சகோதரர்கள் மாவை எடுத்துட்டாங்க. ஒயினையும் மீன் தண்ணியையும் சுண்டக் காய்ச்சி, நேரா கிரீமைச் சேர்த்தாங்க. கனம் குறைஞ்சது, மீன் ருசி மேல வந்தது. மாவு சேர்த்த கனமான சாஸ்கள் வேண்டாம் என்று கோ, மியோ என்ற ரெண்டு விமர்சகர்கள் 1973-ல் "புதிய சமையல்" என்று அறிவிச்சபோது, இந்தத் தட்டு ஏற்கனவே அதைச் செய்து காட்டியிருந்தது.

இதுல நமக்கு ஒரு முக்கியமான க்ளூ இருக்கு. மாவை எடுத்த பிறகும் அந்த சாஸ் ஏன் திரியலை? அதைப் புரிஞ்சுக்கிட்டா ரெசிபியே தேவையில்லை.

பால் ஏன் திரியுது, கிரீம் ஏன் திரியறதில்லை

பன்னீர் எப்படிச் செய்யறோம்? கொதிக்கிற பாலில் எலுமிச்சைச் சாறு. இப்ப நம்ம சாஸைப் பாருங்க: சூடு இருக்கு, ஒயின், எலுமிச்சை என்று புளிப்பு இருக்கு. பன்னீருக்குத் தேவையான ரெண்டும் தயார். அதனால ஒயினைச் சுண்டக் காய்ச்சி, அதில் பாலை ஊற்றினா உங்களுக்குக் கிடைக்கிறது சாஸ் இல்லை, மீன் வாசனை பன்னீர்.

உள்ளே நடக்கிறது இதுதான். பாலில் கேசீன் என்கிற புரதம் சின்னச் சின்ன உருண்டைகளா மிதக்கும். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கிட்டே இருக்கும், ஒட்டாது. புளிப்பு சேரும்போது அந்த மின்னூட்டம் குறையும். சாதாரணப் பாலின் பிஎச் சுமார் 6.6. அது 4.6 பக்கம் இறங்கினா கேசீன் திரண்டு போயிடும். சூடு அதிகமா இருந்தா அவ்வளவு புளிப்புகூட வேண்டாம், முன்னாடியே திரண்டுடும்.

கிரீம்ல என்ன மாறுது? பாலில் 100-க்கு 3, 4 பங்கு கொழுப்பு, ஏறக்குறைய அதே அளவு புரதம். 35 சதவீத கிரீம்ல கொழுப்பு 35, புரதம் சுமார் 2 தான். ஒட்டுறதுக்கு ஆளும் குறைவு, நடுவுல கொழுப்புத் துளிகள் கூட்டமா நிற்கிறதால ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறதும் கஷ்டம். அதனாலதான் கொழுப்பு அதிகமான கிரீமை புளிப்போட சேர்த்துக் கொதிக்க வைக்கலாம். பிரான்ஸ்ல "கிரீம்" என்று பேர் போட்டு விற்கணும்னா குறைந்தது 30 சதவீதம் கொழுப்பு வேண்டும். த்ருவாக்ரோ சகோதரர்கள் மாவை தைரியமா எடுத்ததுக்குப் பின்னாடி இந்த எண் இருக்கு.

இப்ப நம்ம ஊர்க் கடைக்கு வருவோம். டெட்ரா பாக்கெட்டில் ஈசியா கிடைக்கிற ஃப்ரெஷ் கிரீமைத் திருப்பிப் பாருங்க: கொழுப்பு 25 சதவீதம் என்று இருக்கும். பத்து பங்கு குறைவு. யூட்யூப் வீடியோவில் ஒருத்தர் கிரீமைக் கொட்டி, அஞ்சு நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டு, கடைசியில் ஒயினும் ஊத்துவார். அவருக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க அதையே செஞ்சா ரவை ரவையா ஆகும். தப்பு உங்க கையில இல்லை. அவர் பயன்படுத்தற பொருளும் நீங்க பயன்படுத்தற பொருளும் பேர்ல மட்டும்தான் ஒண்ணு.

அப்ப என்ன செய்யறது? இதுக்கு விடை நம்ம வீட்டு மோர்க்குழம்பில் இருக்கு. தயிர் எவ்வளவு புளிப்பு! கொழுப்பும் கம்மி. அதைச் சும்மா கொதிக்க வைச்சா திரிஞ்சே தீரும். ஆனா மோர்க்குழம்பு திரியறதில்லை. ஏன்னா ஊறவைச்ச அரிசியும் துவரம்பருப்பும் அரைச்சு அதில் சேர்த்திருக்கோம், நுரை கட்டினதும் இறக்கிடறோம். அந்த மாவுச்சத்து சூட்டில் ஊதி, புரத உருண்டைகளுக்கு நடுவுல நின்னு ஒட்ட விடாம பார்த்துக்கும். பழைய பிரெஞ்சு சாஸில் மைதா செய்த வேலையும் இதுவேதான்.

ஆக, திரியாம இருக்க ரெண்டு வழி: ஒண்ணு கொழுப்பு, இல்லைன்னா கொஞ்சம் மாவு. 35 சதவீத கிரீம் கிடைச்சா ருவான் வழி. 25 சதவீத பாக்கெட்தான் என்றால், அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் சேர்த்து மோர்க்குழம்பு வழி. இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வைச்சுக்கணும்னா இதை வைச்சுக்கோங்க.

என்ன வாங்கணும் (ரெண்டு பேருக்கு)

மீன்: தோலோட, முள் எடுத்த ரெண்டு துண்டு, ஒவ்வொன்றும் 150 கிராம். கொடுவா ரொம்பப் பொருத்தம். சங்கராவும் நல்லா வரும். மத்தி, அயிலை வேண்டாம்; அந்த எண்ணெய் ருசிக்குப் புளியும் மிளகாயும்தான் சரி. கிரீம் அதை அடக்காது, இன்னும் கனமாக்கும்.

மீன் தண்ணி: மீன் வெட்டித் தர்றவர்கிட்ட தலையையும் நடு முள்ளையும் கேட்டு வாங்குங்க. செவுளை எடுத்துட்டுக் கழுவி, மூழ்குற அளவு தண்ணி ஊத்தி, மெல்லிய தீயில் 20 நிமிஷம். மட்டன் எலும்பு மாதிரி மணிக்கணக்கா விடாதீங்க, கசப்பு இறங்கிடும். வடிகட்டினா 175 மில்லி வேண்டும். உப்பு போடவே கூடாது. ஏன்னு அப்புறம் சொல்றேன்.

வெள்ளை ஒயின்: 75 மில்லி. இனிப்பு இல்லாதது. ஒயின் வேண்டாம் என்கிறவங்க மீன் தண்ணியை 250 மில்லியா எடுத்துக்கோங்க, புளிப்புக்குக் கடைசியில் எலுமிச்சை இருக்கு.

கிரீம்: 150 மில்லி. பாக்கெட்டின் பின்பக்கம் படிங்க. பேக்கரி சாமான் கடைகளில் விப்பிங் டாப்பிங் என்று ஒன்று இருக்கும். நிறைய பிராண்டுகளில் அது தாவர எண்ணெயும் சர்க்கரையும்தான். அதை ஊத்தினா கேக் மேல மீன் வைச்ச மாதிரி இருக்கும். பால் கொழுப்பு என்று போட்டிருக்கணும்.

மத்தது: சின்ன வெங்காயம் நாலு, வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், எலுமிச்சை பாதி, உப்பு, வெள்ளை மிளகு இருந்தா கொஞ்சம். பிரெஞ்சுக்காரங்க இந்த சாஸுக்கு ஷாலட் போடுவாங்க. நம்ம சின்ன வெங்காயம் அந்தக் குடும்பம்தான், மாற்றுப் பொருள் தேட வேண்டிய அவசியமே இல்லை.

கீரை: சுக்கான் கீரை கிடைச்சா ஒரு கைப்பிடி. இல்லைன்னா இளசான புளிச்சகீரை இலை ஏழெட்டு, மெல்லிசா நறுக்கி. ரெண்டும் இல்லைன்னாலும் சாஸ் நிற்கும்.

செய்முறை

ஒண்ணு. அகலமான ஸ்டீல் வாணலியா எடுங்க. இரும்பும் பூச்சு இல்லாத அலுமினியமும் வேண்டாம். புளிப்போட சேர்ந்தா நிறமும் ருசியும் மாறும். வெண்ணெயில் பொடியா நறுக்கின சின்ன வெங்காயத்தை வதக்குங்க. கண்ணாடி மாதிரி ஆனா போதும். சிவக்கக் கூடாது.

ரெண்டு. ஒயினையும் மீன் தண்ணியையும் ஊத்தி, தீயைக் கூட்டி, மூடாம கொதிக்க விடுங்க. மொத்தம் 250 மில்லி. இது 50 மில்லியா சுண்டணும். பத்து நிமிஷம் பக்கம் ஆகும். "சுண்டினதை எப்படி அளக்கிறது?" என்றால், முதல்லயே காலி வாணலியில 50 மில்லி தண்ணி ஊத்தி, எவ்வளவு ஆழம் நிற்குதுன்னு பார்த்து வைச்சுக்கோங்க.

சாஸின் ருசி முழுக்க இந்தப் பத்து நிமிஷத்துல உருவாகுது. தண்ணி அஞ்சுல நாலு பங்கு போகுது, ருசி அஞ்சு மடங்கு அடர்த்தியாகுது. உப்பும் அப்படித்தான். முதல்லயே சரியா உப்புப் போட்டிருந்தா இப்ப வாயில வைக்க முடியாது. அதனாலதான் அப்ப வேண்டாம்னு சொன்னேன். கிரீமை முதல்லயே ஊத்தி எல்லாத்தையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சலாமேன்னு தோணும். அப்படிச் செஞ்சா கிரீம் பத்து நிமிஷம் கொதிக்கணும்; திரியறதுக்கு நீங்களே நேரம் கொடுக்கிறீங்க.

மூணு. தீயைக் குறைங்க. கிரீம் ஃப்ரிட்ஜ்ல இருந்து வெளியே எடுத்து அறை சூட்டுக்கு வந்திருக்கணும். 25 சதவீதம் என்றால், அதில் அரை டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரைக் கட்டியில்லாம கலக்கிடுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, கரண்டியால கலக்கிக்கிட்டே இருங்க. ஓரத்துல சின்னச் சின்னக் குமிழ் வந்தா போதும். ரெண்டு மூணு நிமிஷம்.

பதம் பார்க்க: ஸ்பூனை முக்கி எடுத்துத் திருப்பி, பின்பக்கம் விரலால ஒரு கோடு போடுங்க. கோடு அப்படியே நின்னா முடிஞ்சது. சாஸ் வழிஞ்சு கோட்டை மூடினா இன்னும் ஒரு நிமிஷம். ஆறினா இன்னும் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் தளர்வாவே நிறுத்துங்க.

நாலு. வெங்காயம் வேண்டாம்னா வடிகட்டுங்க. புளிச்சகீரை சேர்க்கிறதா இருந்தா இப்ப, ஒரு நிமிஷம். சுக்கான் கீரைக்கு அரை நிமிஷமே அதிகம், சூடு பட்டதும் நிறம் மங்கிடும். அடுப்பை அணைச்ச பிறகு உப்பு, மிளகு. எலுமிச்சை ஒரு டீஸ்பூன் வரைக்கும், ருசி பார்த்துப் பார்த்து; ஒயினும் கீரையும் சேர்த்திருந்தா சில சொட்டே போதும். தேங்காய்ப்பால் சொதி வைக்கிற வீட்டுல இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். முதல் பால் கடைசியில், கொதி வரக்கூடாது, எலுமிச்சை இறக்கின பிறகு. அதே வரிசைதான்.

அஞ்சு. மீன். டிஷ்யூவால நல்லா ஒத்தி ஈரத்தை எடுங்க. ஈரம் இருந்தா வறுபடாது, வேகும். உப்புத் தடவி, சூடான தவாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, தோல் பக்கம் கீழே வைங்க. முதல் அரை நிமிஷம் லேசா அழுத்திப் பிடிச்சா தோல் சுருங்காது. முக்கால்வாசி நேரம் தோல் பக்கமே வேகட்டும், திருப்பினதும் ஒரு நிமிஷம். கத்தி முனையால தள்ளினா சதை இதழ் இதழாப் பிரியணும்.

தட்டில் முதல்ல சாஸ், அதுக்கு மேல மீன், தோல் மேல பார்த்த மாதிரி. த்ருவாக்ரோ சகோதரர்களும் சாஸை அடியில்தான் வைச்சாங்க. மேல ஊத்தினா நீங்க கஷ்டப்பட்டு மொறுமொறுப்பாக்கின தோல் ரெண்டு நிமிஷத்துல நமுத்துப் போயிடும். அளவும் பாருங்க: 150 மில்லி 25 சதவீத கிரீம்ல கிட்டத்தட்ட 37 கிராம் கொழுப்பு. ஒருத்தருக்கு மூணு நாலு ஸ்பூன் சாஸ் தாராளம். தினமும் வைக்கிற குழம்பு இல்லை இது.

தப்பாப் போனா

ரெண்டு விதமா கெடும். ரெண்டுக்கும் மருந்து வேற வேற, அதனால முதல்ல எதுன்னு கண்டுபிடிக்கணும்.

மேல மஞ்சளா எண்ணெய் மிதக்குதா? நம்ம குழம்புல "எண்ணெய் பிரிஞ்சு வரணும்" என்று காத்திருப்போம், அது வெந்ததுக்கு அடையாளம். கிரீம் சாஸில் அதே காட்சி, எல்லை தாண்டினதுக்கு அடையாளம். தண்ணி அதிகமா வத்திப்போச்சு, கொழுப்புத் துளிகளுக்கு மிதக்க இடம் இல்லாம ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடுச்சு. அடுப்பை அணைச்சு, ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டு வேகமா அடிங்க. பெரும்பாலும் திரும்பக் கூடிடும்.

ரவை ரவையா இருக்கா? அது புரதம் திரண்டது. பன்னீரைத் திரும்பப் பாலாக்க முடியாது, அதே மாதிரிதான் இதுவும். பிளெண்டரில் அடிச்சா ஓரளவு மறைக்கலாம். இல்லைன்னா வடிகட்டி, ருசியை மட்டும் காப்பாத்தலாம். அடுத்த தடவை கிரீம் பாக்கெட்டின் எண்ணைப் பார்த்துட்டு ஆரம்பிங்க.

கேட்டு அனுப்பின ரெண்டு கேள்வி

"முன்னாடி நாளே செஞ்சு வைக்கலாமா?" ரெண்டாவது படி வரைக்கும், அதாவது சுண்டின 50 மில்லியை, ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம். மறுநாள் சூடு பண்ணிக் கிரீம் சேர்த்தா அஞ்சு நிமிஷ வேலை. விருந்தாளி வர்ற அன்னைக்கு இது ரொம்ப உதவும்.

"சாதத்தோட சாப்பிடலாமா?" தாராளமா. வேகவைச்ச உருளைக்கிழங்கும் நல்ல துணை. ஊறுகாய் மட்டும் வேண்டாம், சாஸ் பாவம்.

கடைசியா ஒண்ணு. இதைச் செஞ்சு பரிமாறும்போது யாராவது, "மீன்ல பாலா? உடம்புக்கு ஆகாதே" என்று கேட்பாங்க. சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆனா வெண்புள்ளி அதனால வர்றது இல்லைங்கிறதை மட்டும் பொறுமையா சொல்லிடுங்க. அந்த மேஜையில உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தருக்கு அது தேவைப்படலாம்.

செஞ்சு பார்த்துட்டு எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க. எந்த கிரீம், எத்தனை சதவீதம் என்பதையும் சேர்த்து. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.